நடுக்கம் நின்ற காலை

எங்கள் ஊரில் குளிர் என்பது கட்டடங்களுக்குள் இருப்பது. அலுவலகத்தில் இருக்கும், பேரங்காடியில் இருக்கும், ரயிலில் இருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்தால் வியர்வைதான். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த நான், வெட்டவெளியில் மனிதர்களின் மூச்சு புகையாகப் போவதை நாற்பது வயதுக்குப் பிறகுதான் பார்த்தேன். அதுவும் என் மகளின் கராத்தே வகுப்பு என்னையும் கேமரன் மலைக்கு இழுத்துக்கொண்டு போனதால்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கராத்தே பிறந்த நாட்டில், பனிக்காலத்தின் கடுமையான நாட்களில், விடியற்காலையில் வெளியே நின்று பயிற்சி செய்வார்களாம். எங்கள் மாஸ்டருக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கே போய் அதைச் செய்துவிட்டு வந்தவர். இந்த நாட்டில் பனிக்காலமே இல்லையே என்று அவர் விட்டுவிடவில்லை. ஆண்டிறுதி விடுமுறையில், மழைக்காலம் பார்த்து, பிள்ளைகளை வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனார். அவருக்குப் பிறகு மாஸ்டரும் அதை விடாமல் செய்துவந்தார். பிள்ளைகளுக்கு அது தீபாவளியை விடப் பெரிய நாள். மலைக்குப் போய் வந்தவர்கள் போகாதவர்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

விதிகள் எளியவை. வணக்கம் சொல்லிப் பயிற்சி தொடங்கிவிட்டால் வெறுங்கால், பருத்திக் கராத்தே உடுப்பு, அவ்வளவுதான். ஜாக்கெட் போட்டுக்கொள்ள யாருக்கும் தடையில்லை. ஆனால் முதலில் போய் ஜாக்கெட்டை எடுக்கிறவருக்கு அடுத்த மலைப் பயணம் வரைக்கும் 'ஐஸ் கச்சாங்' என்று பெயர். ஐஸைச் சீவி சிரப் ஊற்றிக் கடைகளில் விற்பார்களே, அதேதான். ஆண்டு முழுக்க வகுப்பில் அந்தப் பெயர்தான். "ஏய் ஐஸ் கச்சாங், உருகிடாத, ஒழுங்கா உதை" என்று மாஸ்டரே கூப்பிடுவார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். பெயர் வாங்கியவரும் சேர்ந்து சிரிப்பார்.

அதற்கு முந்தைய ஆண்டின் ஐஸ் கச்சாங் என் மகள்.

அவளும் சிரித்தாள். வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அவள் எதையும் வாய்விட்டுச் சொல்கிற பிள்ளை இல்லை. பல்வலி என்றால் கன்னம் வீங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். மலைக்குக் கிளம்பச் சில நாட்கள் இருக்கும்போது, தட்டு கழுவிக்கொண்டே, "இந்த வருஷம் நான் ஜாக்கெட் போட மாட்டேம்மா" என்றாள். சரி சரி என்று சொல்லிவிட்டு, பண்டல் கடையில் குவித்துப் போட்டிருந்த பழைய வெளிநாட்டுத் துணிகளுக்குள் தேடி, அவளுக்கென்று தடித்த ஜாக்கெட் ஒன்றை வாங்கிவைத்தேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஒல்லியான உடம்பு. பிரவுன் பெல்ட், பிளாக் பெல்ட்டுக்கு முந்தின படி.

நான் எதற்கும் பயப்படுகிறவள். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை, அவரால் வர முடியாது. அதனால் சமையலுக்கு உதவியாக நான் போவேன். மலைப்பாதை வளைவுகளுக்குப் பயந்தேன். வேன் ஓட்டுநர் போனில் பேசியதற்குப் பயந்தேன். அட்டைக்கும், ஓடையின் வழுக்குக் கல்லுக்கும், பையன்கள் தங்கிய அறையின் தாழ்ப்பாள் இல்லாத ஜன்னலுக்கும் பயந்தேன். குளிருக்கு மட்டும் பயப்படவில்லை. குளிர் எனக்கு ஒரு விருந்தாளி மாதிரி. அதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

பயிற்சிக்கு முந்தின இரவெல்லாம் மழை பெய்திருந்தது. விடியும் நேரத்தில் மழை ஓய்ந்து தூறலும் காற்றுமாக இருந்தது. நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் சரிவாக ஒரு புல்வெளி, அதன் கீழே ஓடை. மாஸ்டர் வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்தார். "தூறல்தான். என்னா சொல்றீங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் விடுதி நாய் எழுந்து ஓடியது. பெரியவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொரு பையனின் அம்மாவும் நானும் தகரக் கொட்டகையில் அடுப்பை மூட்டி முட்டை அவித்துக்கொண்டும் குடிக்கச் சூடாக மைலோ கலக்கிக்கொண்டும் இருந்தோம். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. வெள்ளை உடுப்புகள் கொஞ்ச நேரத்திலேயே நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டன. குத்து, உதை, மறுபடி குத்து. ஒவ்வொரு குத்துக்கும் பிள்ளைகள் கத்திய கத்தல் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லாருக்கும் நடுக்கம். முன்வரிசையில் நின்ற சின்னப் பெண் கோழி மாதிரி ஒரு காலைத் தூக்கி மறுகாலில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் ஓடிவந்தது ஒரு குண்டுப் பையன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்து, கூட்டம் முழுவதும் ஐஸ் கச்சாங் என்று கத்த, மேடையில் பரிசு வாங்குகிறவன் போலக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு முட்டையை எடுத்தான். பெயர் ஒருவனுக்குப் போய்விட்டதால் மற்றவர்களுக்கு இனி வெட்கம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். என் மகளுக்கும் வந்துவிடலாம் என்று கையைக் காட்டினேன். அவள் இந்தப் பக்கமே பார்க்கவில்லை.

கடைசியில் பெரிய பையன்கள் சிலரும் அவளும் மட்டும் நின்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. காற்று பலமானது. பையன்களின் தாடை ஆடுவது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. என் மகளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஒரு கட்டத்தில் அவள் நடுங்கவில்லை. கை நேராக இருந்தது. தோள் அசையவில்லை. முகம் அமைதியாக இருந்தது.

மாஸ்டர் அதைக் கவனித்துவிட்டு எல்லாரையும் நிறுத்தினார்.

"இங்க பாருங்க. இவனுங்க இன்னும் ஆடிக்கிட்டு நிக்கிறானுங்க. இவளுக்கு நடுக்கமே நின்னுடுச்சு. உடம்பு குளிர ஜெயிச்சிருச்சு. இதுக்குத்தான் நாம மலைக்கு வரோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். குண்டுப் பையன் விசில் அடித்தான். நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தேன். பிடித்த கையோடு குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். மலையில் சிக்னல் இல்லாததால் அது போகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கியிருந்தது. ஓராண்டாக அவள் சிரித்துச் சமாளித்ததெல்லாம் அன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

மாஸ்டர் அவளை முன்னால் வரச்சொல்லி, கத்தா ஒன்றைத் தனியாகச் செய்யச் சொன்னார். கத்தா என்பது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்கிற அசைவுகள். அவள் தூக்கத்தில்கூடச் செய்வாள். தொடங்கினாள். மெதுவாகச் செய்தாள். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினாள். "மேப் போட்டுக் குடுங்கலா, வழி தெரியல" என்று ஒரு பையன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பாதியில் நின்றாள். ஒரு கை மேலே இருந்தது. எதையோ யோசிப்பவள் மாதிரி அப்படியே நின்றாள். பிறகு ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். முடியலையாம்மா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாக்கு தடித்தவள் மாதிரி, ஆனால் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"ஒண்ணும் இல்ல ஆன்டி. எங்கம்மா அங்க இருக்காங்க."

நான் வந்த கொட்டகையைக் கையால் காட்டினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவையே ஆன்டி என்கிறாளே என்று கொட்டகையிலிருந்த அந்தப் பையனின் அம்மா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். பிறகு பார்த்தேன், அவள் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நான் வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அவள் கையைப் பிடித்தேன். சந்தையில் ஐஸில் வைத்திருக்கும் மீனைத் தொட்டது போல் இருந்தது. யாரோ தைலம் கொண்டுவந்தார்கள். பசி மயக்கம், மைலோ கொடுங்கள் என்றார் ஒருவர். கொடுத்தோம், உதட்டோரம் வழிந்தது. மாஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் மடியில் உருண்டது. வளைவுகளுக்கு நான் பயப்படவில்லை.

மருத்துவமனையில் ஈர உடுப்பை வெட்டி எடுத்தார்கள். சூடான போர்வைகள், சூடாக்கிய டிரிப். ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர், என்னைக் குற்றம் சொல்லாமல், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். நடுங்கிக்கொண்டிருக்கும் வரை உடம்பு போராடிக்கொண்டிருக்கிறதாம். நடுக்கம் நின்றது அதற்கு மேல் போராட முடியாததால். நின்றவுடனேயே தூக்கி வந்திருக்க வேண்டும் என்றார். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. பட்டம் வாங்கியவள் நான், அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அது பனியில் மாட்டிக்கொள்கிற வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் விளைகிற இடத்தில், மழையும் காற்றும் ஈரத் துணியும் சேர்ந்தாலே போதும் என்று எனக்குத் தெரியாது. அங்கே நின்றிருந்த ஒருவருக்கும் தெரியாது. குளிர் தெரியாத ஊர்க்காரர்கள் நாங்கள். குளிர் ஜெயிப்பதைப் பார்த்துப் பிள்ளை ஜெயிக்கிறாள் என்று கைதட்டினோம்.

மருத்துவமனையில் சிக்னல் இருந்தது. நான் அனுப்பிய படம் போய்ச் சேர்ந்துவிட்டது. பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. சித்திகள், மாமாக்கள், நாத்தனார், எல்லாரும் கைதட்டும் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிங்கக்குட்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் என் மகளின் இதயத் துடிப்பை ஓர் இயந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது.

வெகு நேரம் கழித்து அவள் நடுங்கத் தொடங்கினாள். கட்டிலே ஆடும் அளவுக்கு நடுங்கினாள். தாதி என் தோளைத் தொட்டு, பாகுஸ், பாகுஸ் என்றார். நல்லது, நல்லது. நடுக்கம் நின்றபோது கைதட்டிய நான், அது திரும்பி வந்தபோது தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பற்கள் அடித்துக்கொள்ள என்னைத் தேடி, "ம்மா" என்றாள்.

வெளியே மாஸ்டர் அதே ஈர உடுப்பில், வெறுங்காலோடு நின்றிருந்தார். யாரோ கொடுத்த ஜாக்கெட் அவர் கையில் மடித்தபடி இருந்தது. அவர் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவரும் கெட்டவர் இல்லை. டயர் கடை நடத்திக்கொண்டு, சம்பாதிப்பதில் பாதியைப் பிள்ளைகளின் போட்டிக்குச் செலவு செய்கிறவர். தனக்குக் கொடுத்ததை அப்படியே அடுத்தவர்களுக்குக் கொடுத்தார். அவ்வளவுதான்.

என் மகள் பிழைத்துவிட்டாள். உடம்புக்கு எந்தக் குறையும் வரவில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் பெருமூச்சு விட்டு, சாமி காப்பாத்திருச்சு என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். நானும் அங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மலைப் பயணத்தை மாஸ்டர் நிறுத்திவிட்டார். பெற்றோர் குழுவில் சில நாட்கள் பேச்சு நடந்தது. பிள்ளை சாப்பிடாமல் நின்றிருக்கும் என்றார் ஒருவர். ஒருத்திக்கு ஆனதற்காக எல்லாருக்கும் ஏன் நிறுத்த வேண்டும் என்றார் இன்னொருவர், பிறகு அந்தச் செய்தியை அழித்துவிட்டார். என் மகள் மறுபடி வகுப்புக்குப் போக வேண்டும் என்றாள். மருத்துவர் சரி என்று சொல்லியிருந்தார். நான்தான் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு வகுப்பு நடக்கும் மண்டபத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவளை யாரும் ஐஸ் கச்சாங் என்று கூப்பிடவில்லை. குண்டுப் பையனையும் யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெயரே மண்டபத்திலிருந்து காணாமல் போயிருந்தது. எல்லாரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். மாஸ்டர் அவளைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார். சண்டைப் பயிற்சியில் அவளோடு நிற்கிற பையன்களின் குத்து அவளைத் தொடுவதற்கு முன்னாலேயே நின்றது. அவள் வேண்டுமென்றே கையை இறக்கி முகத்தைத் திறந்து காட்டினாள். அப்போதும் அடிக்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. முதல்முறையாக அந்த வாசலில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிளாக் பெல்ட் சோதனைக்கு அவள் பெயரை மாஸ்டர் கொடுக்கவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அதற்கு அடுத்த முறையும் அதையே சொன்னார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"ஐஸ் கச்சாங்னு கூப்பிட்டப்பவாவது என்னைய அடிச்சாங்கம்மா."

சமையலறையிலிருந்து வந்து அவளைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அந்த மலையைப் பற்றி அவள் அதுவரை என்னிடம் பேசியதே இல்லை. அன்று பேசினாள். கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கத்தான் அன்று நின்றேன், இப்போது கூட்டமே என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தள்ளி வைத்திருக்கிறது என்றாள். நடுக்கம் நின்றபோது எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சூடாக இருந்தது என்றாள். எல்லாரும் கைதட்டியது தூரத்தில் மழை மாதிரிக் கேட்டதாம். அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன் இருந்ததே இல்லையாம். அதைச் சொன்ன அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

மறுநாள் மாஸ்டரின் டயர் கடைக்குப் போனேன். பிள்ளையை அடிக்காதீர்கள் என்று கேட்க வருகிற அம்மாக்களை அவர் பார்த்திருப்பார். நான் வேறு விதமாகக் கேட்க வேண்டியிருந்தது. லோரி ஒன்றுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாஸ்டர், என் மகள அடிக்கச் சொல்லுங்க. மத்தவங்கள அடிக்கிற மாதிரி."

அவர் கை துடைத்த துணியை மடித்து டயர் மேல் வைத்தார்.

"நானும் சொல்லிப் பாத்தேன்கா. பையனுங்க கை வரல. எனக்கே வரல. அவ முன்னால வந்து நின்னாலே, அன்னிக்கு வேனுக்குத் தூக்கிட்டுப் போன கனம் கையில வந்துருது." பிறகு சொன்னார், "வேற எடம் பாருங்கக்கா. என்னையத் தெரியாத எடமா பாருங்க."

அவர் அழுதார் என்று சொல்ல மாட்டேன். லோரிக்காரர் கூப்பிட்டார், எழுந்து போனார்.

தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில், வேறொரு வகுப்பு இருக்கிறது. இப்போது அவள் அங்கே போகிறாள். பள்ளி முடிந்து ரயிலேறி வந்துவிடுவாள். மலையைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது, மாடிக்கும் வரக் கூடாது என்று எனக்கு நிபந்தனை. நான் கீழே சாப்பாட்டுக் கடையில் ஒரு தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். மேலே பலகைத் தரையில் கால்கள் விழும் சத்தம் கேட்கும். ஒரு சத்தம் பெரிதாகக் கேட்டால் தேநீர் டம்ளரை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

போன வாரம் கீழே இறங்கி வந்தபோது அவள் கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. யார் என்று கேட்டேன். ஒரு சின்னப் பெண்ணாம், அவ்வளவு வேகமாம். சொல்லும்போது சிரிக்கப் பார்த்து, வலித்ததால் நிறுத்திக்கொண்டாள். கடைக்காரரிடம் ஐஸ் கேட்டு வாங்கித் துணியில் சுற்றி உதட்டில் வைத்துக்கொண்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ரயிலில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. வழக்கம் போல ஏர்கானைத் தாங்க முடியாத அளவுக்குப் போட்டிருந்தார்கள். அவள் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அலுவலகத்தில் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டிவிடவில்லை. மெதுவாக என் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"குளிருச்சுன்னா சொல்றேம்மா."

சரி என்றேன். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். சுபாங் ஜெயா போனது, ஷா ஆலாம் போனது. நான் அவள் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளான் வரும் வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. குளிரவில்லையா, சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.